கட்டியைச் சுற்றியுள்ள சைட்டோகைன்கள் என்ன செய்கின்றன? எதிர்ப்புச் சக்தியைக் கூட்டினால் கட்டி கரைந்துவிடுமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. மதுரையில் ஒரு பயாப்ஸி லேபில் டெக்னீஷியன். சதைத் துண்டை மெழுகில் பதித்து, மைக்ரோட்டோமில் சீவி, கண்ணாடியில் ஏற்றிச் சாயம் போடுவது என் வேலை. ரிப்போர்ட் எழுதுவது பேத்தாலஜிஸ்ட். அதனால் மருந்துப் பெயர் கேட்டு இன்பாக்ஸுக்கு வராதீர்கள்.

கேள்வியின் இரண்டாவது பாதியைப் படித்ததுமே தெரிந்துவிட்டது. வீட்டில் யாருக்கோ முடியவில்லை, யாரோ ஒருவர் பவுடர் டப்பாவோடு வந்திருக்கிறார். எங்கள் வீட்டுக்கும் வந்தார்கள்.

சித்தப்பாவுக்கு நுரையீரலில் கட்டி. சித்தி முட்டை, கஞ்சி, ஆட்டுக்கால் சூப் என்று மாற்றி மாற்றிக் கொடுத்தும் அவருக்குக் கன்னம் ஒட்டிப்போய், சட்டை தொளதொளவென்று தொங்க ஆரம்பித்தது. பார்க்க வந்த சொந்தக்காரர் ஒருவர், சித்தி போட்டுக் கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டே, "வீட்ல ஒழுங்கா ஆக்கிப் போட்டா மனுசன் இப்படி ஆவாரா? எதிர்ப்புச் சக்தியே இல்ல" என்றார். பையிலிருந்து டப்பாவையும் எடுத்து வைத்தார். சித்தி அடுப்படியில்தான் இருந்தார்.

வயதில் பெரியவர் என்று பார்க்காமல் அன்றைக்கு அவரிடம் பேசினேன். அதையே இங்கேயும் எழுதுகிறேன்.

சைட்டோகைன் என்பது செல்கள் ஒன்றுக்கொன்று விடும் ரசாயனச் சேதி. டிஎன்எஃப் என்ற ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 1975-ல் நியூயார்க்கில் ஸ்லோன் கெட்டரிங் என்ற புற்றுநோய் ஆய்வு மையத்தில், எலிகளின் கட்டியை அழுகச் செய்கிறது என்று கண்டுபிடித்தார்கள். அதே ஊரில் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் இன்னொரு குழு, நோயில் உடம்பு உருகிப்போவதற்கு எது காரணம் என்று தேடிக்கொண்டிருந்தது. 1985-ல் பார்த்தால் இரண்டு பேர் கையில் இருந்ததும் ஒரே பொருள். இதுவும் ஐஎல்-6 போன்ற வேறு சில சைட்டோகைன்களும் ரத்தத்தில் ஏறினால் பசி செத்துவிடும், தசை கரையும். சாப்பாட்டை மட்டும் கூட்டி அந்த மெலிவை முழுசாகத் திருப்ப முடியாது. சித்தி சமையலில் ஒரு குறையும் இல்லை.

சரி, டிஎன்எஃபை ஊசியாகப் போட்டால் கட்டி போகாதா? போட்டுப் பார்த்தார்கள். கட்டியைக் கொல்லும் அளவுக்கு ஏற்றினால் ரத்த அழுத்தம் விழுந்துவிடுகிறது. அதனால் ஐரோப்பாவில் கை, கால் கட்டிகளுக்கு மட்டும், அந்த உறுப்பின் ரத்த ஓட்டத்தைத் தனியாகப் பிரித்துச் செலுத்துகிறார்கள். மறுபக்கம், டிஎன்எஃபே சுரக்காத எலிகளுக்குத் தோல் புற்று எளிதில் வருவதில்லை என்று 1999-ல் தெரியவந்தது. அதாவது கொஞ்சம் கொஞ்சமாக நாள்பட்டுக் கசிந்தால் அது கட்டிக்கே சாதகம்.

நான் தினமும் பார்ப்பதையும் சொல்கிறேன். சில ஸ்லைடுகளில் லிம்போசைட்டுகள், அதாவது நோயோடு சண்டை போடும் வெள்ளணுக்கள், கருநீலப் பொடிப் புள்ளிகளாகக் கட்டியின் ஓரம் முழுக்க அப்பிக்கிடக்கும். நடுவே இளஞ்சிவப்பு நார்ப்பட்டை. அதைத் தாண்டி ஒன்றிரண்டுகூட உள்ளே போயிருக்காது. கல்யாண மண்டப வாசலில் நிறுத்திவைத்த கூட்டம் மாதிரி. படை வரவில்லை என்று சொல்லவே முடியாது, வந்துதான் நிற்கிறது. அந்த நார்ப்பட்டையை வளர்த்து, டி செல்கள் என்ற லிம்போசைட் வகையையும் மந்தமாக்குவதில் டிஜிஎஃப்-பீட்டா என்ற இன்னொரு சைட்டோகைனுக்குப் பெரிய பங்கு. இதே டிஜிஎஃப்-பீட்டா ஆரம்பத்தில் செல் பெருகுவதைத் தடுக்கும், கட்டி முற்றியதும் கட்சி மாறிவிடும். உள்ளே நுழைந்த டி செல்கள் விடும் இன்டர்ஃபெரான்-காமா என்ற சைட்டோகைன், கட்டியை அடையாளம் காட்டவும் செய்கிறது, கட்டி தன்மேல் பிடி-எல்1 என்ற கவசத்தைப் போட்டுக்கொள்ளவும் வைக்கிறது. இப்போது கொடுக்கும் இம்யூனோதெரபி ஊசிகளில் பல இந்த இடத்தில்தான் வேலை செய்கின்றன.

இதில் எதை "கூட்டுவது"?

"டி செல்களைப் பெருக்கும் ஐஎல்-2 என்ற சைட்டோகைனைக் கொடுத்துக் குணமானவர்கள் இருக்கிறார்களே" என்று யாராவது கமெண்டில் வருவீர்கள். உண்மைதான். அமெரிக்காவில் ரோசன்பர்க் குழு 1984-லேயே மெலனோமா என்ற தோல் புற்று வந்த ஒரு நோயாளியைக் குணப்படுத்தியது, 1992-ல் சிறுநீரகப் புற்றுக்கு அனுமதியும் கிடைத்தது. ஆனால் பலன் கண்டவர்கள் சிலர்தான். ரத்தக் குழாய்கள் கசிந்து உடம்பு வீங்கும் என்பதால் ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துத்தான் கொடுப்பார்கள். பாலில் கலக்கிக் குடிக்கிற சமாச்சாரம் இல்லை.

சேதியை அடைத்தால் போதும் என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று. ஐஎல்-1 பீட்டா என்ற சைட்டோகைனைத் தடுக்கும் கனகினுமாப் மருந்தை மாரடைப்பு வந்த பத்தாயிரம் பேரிடம் சோதித்தார்கள். 2017-ல் முடிவு வந்தபோது மருந்து எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்று குறைந்திருந்தது. பெரிய பரபரப்பு. பிறகு நுரையீரல் புற்று ஏற்கெனவே வந்தவர்களுக்குக் கொடுத்த பெரிய சோதனைகள் 2021, 2022-ல் வரிசையாகத் தோற்றன. கட்டி முளைக்கும்போது இருக்கிற சூழல் வேறு, வேர்விட்ட பிறகு இருக்கிற சூழல் வேறு என்பதுதான் என் புரிதல்.

சித்த, ஆயுர்வேத அன்பர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். நான் பேசுவது லேபிளில் என்ன இருக்கிறது என்றே தெளிவாக எழுதாத டப்பாக்களைப் பற்றி. கீமோ ஓடும்போது எதைக் கொடுப்பதாக இருந்தாலும் டாக்டரிடம் காட்டிவிட்டுக் கொடுங்கள்.

வந்ததுதான் வந்தேன், என் தொழில் எரிச்சலையும் கொட்டிவிடுகிறேன். பயாப்ஸி துண்டை, சதை கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் போட்டு அனுப்ப வேண்டும், அதுவும் துண்டைப் போலப் பத்து மடங்கு. எங்களுக்கு வருவதோ சலைனில் ஊறி, பழைய மாத்திரை பாட்டிலில். இன்னொரு ரகம், கழுத்து குறுகின பாட்டிலில் திணித்த துண்டு ஃபார்மலினில் விறைத்து வெளியே வராது, பாட்டிலைத்தான் அறுக்க வேண்டும். அப்புறம் கவுண்டரில் வந்து "ரிப்போர்ட் ஏன் லேட்?" என்று சத்தம். துண்டு கெட்டுவிட்டால் பிடி-எல்1 சாயமும் நம்பும்படி ஏறாது.

அந்த பிடி-எல்1 டெஸ்ட் உங்கள் வீட்டில் இருப்பவருக்குத் தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள். வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றுவதாக இருந்தால் லேபில் கையெழுத்துப் போட்டு ஸ்லைடோடு மெழுகு பிளாக்கையும் வாங்கிக்கொண்டு போங்கள். புதிதாகச் சீவ அதுதான் வேண்டும். வெயிலில் நிற்கும் காரில் மட்டும் வைத்துவிடாதீர்கள், உருகிவிடும்.