குழந்தையின் அறுவைச் சிகிச்சைக்கு நிதி: மலேசிய வாசகர் கேள்வி-பதில்

கே: பிறந்து ஆறு வாரமாகியும் மஞ்சள் காமாலை இறங்கவில்லை. மலம் வெளிறிப் போகிறது. பித்தக் குழாய் அடைப்பாக இருக்கலாம் என்கிறார் கிளினிக் டாக்டர். தனியாரில் பார்க்க நிதி திரட்டுகிறோம். ஒரு மாதம் பொறுக்கலாமா? (செலாயாங்)

ப: ஒரு நாள்கூடப் பொறுக்கக் கூடாது. இன்றே அரசு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். டாக்டர் சொன்ன அடைப்புதான் என்றால், ஈரலிலிருந்து பித்தம் குடலுக்கு வடிய வழி செய்யும் கசாய் அறுவையை, பிறந்த சுமார் 60 நாளுக்குள் செய்தால்தான் பலன் அதிகம். தள்ளிப்போகப் போக ஈரல் கெட்டு, மாற்று ஈரல் வரை இழுத்துவிடும். பணத்தை அப்புறம் பார்க்கலாம்.

கே: எட்டு மாதப் பிள்ளைக்கு இதயத்தில் ஓட்டை. தனியார் மருத்துவமனை 70,000 வெள்ளி (ரிங்கிட்) கேட்கிறது. ஃபேஸ்புக்கில் பதிவு போட்டுவிட்டோம். வேறு வழி உண்டா? (பிறை)

ப: பதிவு போட்ட பிறகா கேட்பது? ஓட்டை எவ்வளவு பெரியது, அறுவை எப்போது வேண்டும் என்று ஒரு வரிகூட நீங்கள் எழுதவில்லை. சின்ன ஓட்டைகள் பல தானாகவே மூடிக்கொள்ளும். கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார கிளினிக்) பரிந்துரைக் கடிதம் வாங்கி, பினாங்கு பொது மருத்துவமனையில் குழந்தை நிபுணரைப் பாருங்கள். தேவைப்பட்டால் தேசிய இதயக் கழகமான ஐஜேஎன்னுக்கோ செர்டாங் மருத்துவமனைக்கோ அவர்களே அனுப்புவார்கள். அரசு மருத்துவமனை மூன்றாம் வகுப்பில் குடிமக்களுக்கு பில் சுமார் 500 வெள்ளிக்கு மேல் போகாது. உடலில் பொருத்தும் கருவிகளுக்குத்தான் தனியாகச் செலவாகும். அதற்கு டிபிபி என்னும் அரசு மருத்துவ உதவி நிதி இருக்கிறது. அதே மருத்துவமனையின் மருத்துவ சமூகநல அதிகாரி மூலம் விண்ணப்பிக்கலாம். சம்பளச் சீட்டு, அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம் எல்லாம் கையோடு இருக்கட்டும். மாதா மாதம் எழுதுகிறேன்: முதலில் அந்த அதிகாரியின் அறை, பிறகுதான் பதிவு.

கே: கேடபிள்யூஎஸ்பி (ஊழியர் சேமநிதி) பணத்தைப் பிள்ளையின் அறுவைக்கு எடுக்கலாமா? (கிள்ளான்)

ப: எடுக்கலாம், நோய் அவர்கள் பட்டியலில் இருந்தால். பழைய இரண்டாம் கணக்கிலிருந்து எடுக்க வேண்டும்; அதன் பெயர் இப்போது அக்காவுன் செஜாத்தெரா. மருத்துவ அறிக்கை வேண்டும்.

கே: எங்கள் இளைஞர் குழு ஒரு பிள்ளைக்காக 38,000 வெள்ளி திரட்டியது. அறுவை நல்லபடியாக முடிந்தது. பொருளாளரின் சொந்தக் கணக்கில் 12,000 மிச்சம். வீட்டுத் தவணைக்குக் கொடுங்கள் என்கிறார் பிள்ளையின் தந்தை. கொடுக்கலாமா? (பிரிக்பீல்ட்ஸ்)

ப: தம்பிகளே, மிச்சத்தைப் பற்றிப் பேசுமுன் அந்தக் கணக்கைப் பற்றிப் பேச வேண்டும். பணம் மருத்துவமனைக்குப் போக வேண்டும்; தனியார் கைக்கு வரக் கூடாது. பொருளாளர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் சரி. நாளை அவருக்கு ஏதாவது ஆனால் கணக்கு முடங்கும், பிள்ளையின் பணமும் அதோடு முடங்கும். சம்பளமும் நன்கொடையும் ஒரே கணக்கில் கலந்தால் எது யாருடையது என்று அவராலேயே சொல்ல முடியாது. பில் வந்ததும், பிள்ளையின் பதிவு எண்ணைச் சொல்லி முகப்பில் கட்டியிருக்கலாம். கருவி என்றால் கொட்டேஷனில் உள்ள நிறுவனத்துக்கு நேரே செலுத்தியிருக்கலாம்.

தவணைக்குக் கொடுக்காதீர்கள். அறுவைக்கென்று கேட்டீர்கள், அறுவைக்கென்று கொடுத்தார்கள். மறுபரிசோதனை, மருந்து, போக்குவரத்து என்று ஓராண்டுக்கு ஆகும் செலவை ஒதுக்குங்கள். வேலைக்குப் போகாமல் பிள்ளையோடு இருக்கும் தாய்க்குக் கைச்செலவும் அதில் அடங்கலாம். மீதியை இன்னொரு பிள்ளைக்குத் தருவதா என்று நன்கொடையாளர்களிடமே கேளுங்கள். வரவு, செலவு, மிச்சம் மூன்றையும் ரசீதோடு, நன்கொடை கேட்ட வாட்சப் குழுவில் போடுங்கள்.

நீங்கள் அனுப்பிய சுவரொட்டியைப் பார்த்து மனம் கொதித்தது. மூக்கில் குழாயோடு பிள்ளையின் முகம், கீழே மைகிட் (பிள்ளையின் அடையாள அட்டை) எண், தாயின் கைப்பேசி எண். தேதி மட்டும் இல்லை. தேதி இல்லாத சுவரொட்டி சாகாது. பிள்ளை குணமாகிப் பள்ளிக்கூடம் போகும்போதும் யாரோ ஒருவர் அதை 'அவசரம்' என்று அனுப்பிக்கொண்டிருப்பார். கணக்கு எண்ணை மட்டும் மாற்றி வேறொருவன் வசூல் செய்வான். 'நிதி போதும், இனி அனுப்ப வேண்டாம்' என்று தேதியோடு குறுக்கே அச்சடித்து, முன்பு அனுப்பிய எல்லாருக்கும் இன்றைக்கே அனுப்புங்கள். தைப்பூசத்தன்று பத்துமலையில் உண்டியல் ஏந்தியதாகவும் எழுதியிருக்கிறீர்கள். போலீஸ் பெர்மிட் எடுத்தீர்களா? 1947-ஆம் ஆண்டுச் சட்டப்படி தெரு வசூலுக்கு அது கட்டாயம்.

கே: பேரனுக்குப் பிறப்புப் பத்திரமே இல்லை. அறுவை செய்வார்களா? (பட்டர்வொர்த்)

ப: அவசரம் என்றால் செய்வார்கள் ஐயா. ஆனால் குடியுரிமை காட்ட முடியாவிட்டால் வெளிநாட்டவர் கட்டணம் விழும், அது பல மடங்கு. தாமதப் பதிவுக்கு உடனே ஜேபிஎன்னில் (தேசியப் பதிவிலாகா) மனுச் செய்யுங்கள். பிறந்த 60 நாளுக்குள் முடித்திருக்க வேண்டிய வேலை இது. மனுவின் நகலைச் சமூகநல அதிகாரியிடம் காட்டுங்கள்.

கே: நன்கொடைக்கு வருமான வரிக் கழிவு உண்டா? (செந்தூல்)

ப: தனிநபர் கணக்குக்கு இல்லை. வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவில் அங்கீகாரம் பெற்ற அமைப்பின் ரசீது இருந்தால் உண்டு, மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரை.

கே: வாட்சப்பில் வரும் வேண்டுகோள் உண்மையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (ஜோர்ஜ்டவுன்)

ப: கணக்கு எண்ணை, மோசடிக் கணக்குகளைக் காட்டும் போலீசின் செமாக் மியூல் தளத்தில் தட்டிப் பாருங்கள். அதில் பெயர் இல்லை என்பதாலேயே நம்பிவிடாதீர்கள். மருத்துவமனைக் கடிதத்தையும் பில்லையும் கேளுங்கள், பணத்தை மருத்துவமனைக்கே கட்டுகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். ஏமாந்தது தெரிந்தால் வெட்கப்பட்டு உட்காராமல் உடனே மோசடிப் புகார் எண்ணான 997-க்கு அழையுங்கள்.