கூகுள் ஸ்காலரில் 9, ஸ்கோபஸில் 5: எதை எழுதுவது?

வணக்கம் டாக்டர். நீலகிரியின் கூடலூர்ப் பழங்குடியினரிடையே அரிவாள் செல் சோகையை (சிவப்பணுக்கள் அரிவாள் வடிவமாகும் மரபுவழி இரத்தநோய்) ஆய்ந்துவரும் உங்கள் எச்-இன்டெக்ஸ் கூகுள் ஸ்காலரில் 9 என்றும் ஸ்கோபஸில் 5 என்றும் இருப்பதால், நிதி விண்ணப்பத்தில் எதைக் குறிப்பிடுவது என்று கேட்டிருந்தீர்கள். எச்-இன்டெக்ஸ் 9 என்றால், உங்கள் கட்டுரைகளில் 9 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 9 முறை மேற்கோள் காட்டப்பட்டுள்ளன என்று பொருள். இரண்டும் ஆய்வுக் கட்டுரைகளுக்கான மேற்கோள்களை எண்ணும் தளங்கள்தான். ஆனால் ஸ்காலர் ஆய்வேடுகளிலும் முன்அச்சுகளிலும் (மதிப்பாய்வுக்கு முன்பே வெளியிடப்படும் கட்டுரைகள்) வரும் மேற்கோள்களையும் சேர்த்துக்கொள்ளும். ஸ்கோபஸோ தான் தேர்ந்தெடுத்த இதழ்கள், நூல்கள், மாநாட்டுத் தொகுப்புகளோடு பெரும்பாலும் நின்றுவிடும். ஆகவே எந்த எண்ணை எழுதினாலும், தளத்தின் பெயரையும் பார்த்த தேதியையும் உடன் எழுதுங்கள்.

ஆயினும் இவ்வளவு இடைவெளிக்கு உங்கள் பெயரும் காரணமாக இருக்கலாம் என்று சந்தேகிக்கிறேன். ஒரு கட்டுரையில் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் பின்னால், வெளிநாட்டு இதழிலோ தந்தையின் பெயரே குடும்பப்பெயர் என்று அச்சாகியிருந்தால், ஸ்கோபஸ் உங்களை இரண்டு மூன்று ஆசிரியர்களாகப் பிரித்து வைத்திருக்கும். (நம் ஊர்ப் பெயர்களுக்கு இது தீராத தலைவலி.) பெயரின் எல்லா வடிவங்களையும் அங்கே தேடி, சுயவிவரங்களை ஒன்றாக இணைக்கக் கோருங்கள், கட்டணம் கிடையாது. இனி அனுப்பும் கட்டுரைகளில் ஆய்வாளரைத் தனித்து அடையாளம் காட்டும் 16 இலக்க ஆர்சிட் எண்ணைத் தவறாமல் கொடுங்கள்.

இயற்பியலாளர் ஹிர்ஷ் 2005இல் முன்வைத்த இந்த எச்-இன்டெக்ஸ் குறியீடு, துறையின் அளவைக் கணக்கில் கொள்வதில்லை. நீலகிரியில் அரிவாள் செல் பண்பு இருப்பதை ஆய்வாளர்கள் லேமனும் கட்புஷும் 1952இலேயே பதிவு செய்திருந்தாலும், புற்றுநோய் ஆய்வோடு ஒப்பிட்டால் இது சிறிய வட்டம்தான். எனவே எண்ணுக்குக் கீழே, உங்கள் எந்தக் கட்டுரையால் மருத்துவமனையின் பரிசோதனை முறை எவ்வாறு மாறியது என்பதை இரண்டு வரிகளில் விளக்குங்கள்.