டிக்கிக் கதவின் எழுத்தை எடுக்கத் தூண்டில் நரம்பு போதும், நெம்ப வேண்டாம்

கேள்வி: எட்டு வருடப் பழைய சிவப்பு கார் ஒன்றை வாங்கியிருக்கிறேன். டிக்கிக் கதவில் மாடல் பெயரும், விற்ற ஷோரூமின் பெயரும் குரோம் எழுத்துகளில் ஒட்டியிருக்கின்றன. அதில் இரண்டு எழுத்து விழுந்துவிட்டது. மீதியையும் எடுத்துவிடலாம் என்று பார்க்கிறேன். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் வந்துவிடும் என்கிறார்கள். பெயிண்ட் போகாமல் எடுக்க வழி உண்டா? (வாசகர், குளச்சல்)

பதில்: உண்டு. ஸ்க்ரூடிரைவர் மட்டும் வேண்டவே வேண்டாம். துணி சுற்றி நெம்பினாலும் முனை ஊன்றும் இடத்தில் தகடு குழியும். பெயிண்ட் சில்லு பெயர்ந்து தகடு வெளியே தெரிந்தால், உங்கள் ஊர் உப்புக்காற்றில் சில நாளிலேயே துரு பிடிக்கத் தொடங்கிவிடும்.

வேலையைத் தொடங்கும் முன், அந்தக் கதவு மறுபெயிண்ட் அடித்ததா என்று பாருங்கள். பழைய வண்டியில் இது முக்கியம். கண்ணாடி ரப்பரின் ஓரத்தை விரலால் விலக்கிப் பாருங்கள். மாஸ்கிங் டேப் ஒட்டிய கோடோ, ரப்பர் மேல் தெறித்த பெயிண்ட்டோ இருந்தால் மறுபெயிண்ட்தான். கம்பெனி பெயிண்ட் சுமார் 140 டிகிரி சூட்டில் வெந்தது, பிடிப்பு உறுதியாக இருக்கும். ஒர்க்‌ஷாப்பில் அடிப்பது 60 டிகிரி அளவில் காய்வது. அடியில் பள்ளம் நிரப்பப் பூசிய பட்டி வேறு இருந்தால், எழுத்தோடு சேர்ந்து உரிந்துவர வாய்ப்பு உண்டு. அப்படியான கதவில், எழுத்து அசிங்கமாகத் தெரிந்தாலும் விட்டுவிடுவதே நல்லது என்பது எங்கள் கருத்து.

அடுத்தது, எழுத்து டேப்பில் நிற்கிறதா, கதவின் ஓட்டையில் செருகிய பின்னில் (pin) நிற்கிறதா என்பது. விழுந்த இரண்டு எழுத்தே உங்களுக்குப் பதில் சொல்லிவிடும். அந்த இடத்தில் ஓட்டை இல்லையென்றால் அந்த வரிசை முழுக்க ஸ்பாஞ்ச் டேப்தான். ஆனால் நடுவில் இருக்கும் கம்பெனி சின்னத்தை அதே கணக்கில் சேர்க்காதீர்கள். பல வண்டிகளில் அதற்குப் பின்னால் பின் இருக்கும். எடுத்தால் ஓட்டை மிஞ்சும், மழைத் தண்ணீர் கதவுக்குள் இறங்கும். அதைத் தொடாதீர்கள்.

தேவையானவை: கார் ஷாம்பு, பழைய டூத் பிரஷ், ஹேர் டிரையர், 0.5 மில்லிமீட்டர் தங்கூஸ் நரம்பு ஒன்றரை முழம், கையுறை, மைக்ரோ ஃபைபர் துணி நாலைந்து. நரம்பு உங்கள் ஊரில் தூண்டில் சாமான் விற்கும் கடையிலேயே கிடைக்கும். தையல் நூல் பாதியில் அறுந்துவிடும்.

முதலில் நல்ல தண்ணீர் அடித்து, எழுத்தின் இடுக்குகளை ஷாம்பும் பிரஷும் போட்டுக் கழுவுங்கள். அங்கே தங்கியிருக்கும் உப்பும் மணலும் நரம்போடு ஓடினால் பெயிண்டில் கோடு கோடாக விழும்.

பிறகு வண்டியை நிழலில் நிறுத்தி, டிரையரை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் ஒரு எழுத்துக்கு ஒன்றிரண்டு நிமிடம் காட்டுங்கள். தகட்டில் கையை வைத்தால் சில விநாடி தாங்க வேண்டும். உடனே எடுக்கத் தோன்றினால் சூடு அதிகம். ஆடிச் சாரல் நாளில் தகடு குளிர்ந்திருக்கும், கூடுதல் நேரம் பிடிக்கும். பெயிண்ட் எரிக்கும் ஹீட் கன் ஆபத்து.

ஷாம்புத் தண்ணீரை இடுக்கில் தெளித்துவிட்டு, நரம்பின் இரு முனையையும் கையுறை போட்ட விரல்களில் சுற்றி, எழுத்தின் மேல் விளிம்பிலிருந்து ரம்பம் இழுப்பதுபோல் இறக்குங்கள். நரம்பு எழுத்தின் முதுகை ஒட்டி ஓட வேண்டும், பெயிண்ட் பக்கம் சாயக்கூடாது. அறுக்க வேண்டியது நடுவில் இருக்கும் ஸ்பாஞ்சை மட்டும். இழுப்பு கனமாகத் தெரிந்தால் பலத்தைக் கூட்டாமல், மறுபடி சூடு காட்டுங்கள்.

எழுத்து வந்துவிட்டது என்று பெருமூச்சு விட்ட பிறகுதான் பெரும்பாலான பெயிண்ட் போகிறது. மிஞ்சிய பிசினைச் சுரண்டப் பிளேடு எடுப்பார்கள், தின்னர் ஊற்றுவார்கள். தின்னர் மறுபெயிண்டைக் கரைத்துவிடலாம், கம்பெனி பெயிண்டையும் மங்கச் செய்யலாம். மறுபடி லேசாகச் சூடாக்கி, கட்டை விரலின் சதையால் ஓரத்திலிருந்து உருட்டுங்கள். பிசின் சுருண்டு சின்னச் சின்ன உருண்டையாக வரும். விரல் வலிக்கும், நேரமும் ஆகும். ஆனால் இதைவிடப் பாதுகாப்பான கருவி இல்லை. கடைசியில் நிற்கும் மெல்லிய படலத்துக்கு, கார் பெயிண்டுக்கென்று விற்கும் பிசின் நீக்கியைத் துணியில் நனைத்து ஐந்து நிமிடம் ஒற்றி வையுங்கள். தேங்காய் எண்ணெயும் இளக்கும், இருபது நிமிடமாவது ஊற வேண்டும். பிறகு ஷாம்பு போட்டு எண்ணெய்ப் பசை போகக் கழுவுங்கள். எழுத்து விழுந்த இரண்டு இடத்தில் பழைய பிசின் கல்லாக இறுகியிருக்கும், அங்கே இரண்டு மூன்று முறை ஊறவைக்க வேண்டியிருக்கும்.

இனி நிழல் உருவம். எட்டு வருட வெயிலில் சுற்றிலும் சிவப்பு வெளுத்திருக்கும், எழுத்தின் அடியில் மட்டும் புது நிறம் பளிச்சென்று பெயரைக் காட்டும். சிவப்பில் இது கூடுதலாகவே தெரியும். எழுத்து இருந்த இடத்தை மட்டும் தேய்க்காதீர்கள், வெளுத்த சுற்றுப்புறத்தையும் சேர்த்து மென்மையான பாலிஷ் போடுங்கள். நிறத்தின் மேலே இருக்கும் நிறமற்ற பூச்சான கிளியர் கோட் பெரும்பாலும் 50 மைக்ரான்கூட இருக்காது. கரடான ரப்பிங் காம்பவுண்டை மிஷினில் வைத்து அழுத்தினால் அடிநிறம் தெரிந்துவிடும். இரண்டு தடவை பாலிஷ் போட்ட பிறகும் சாய்வெளிச்சத்தில் பெயர் லேசாகத் தெரிந்தால் அதோடு நிறுத்திவிடுங்கள். அன்றே மெழுகு பூசி, கடைசியாக ஒருமுறை உற்றுப் பாருங்கள். எங்கேனும் ஊசிமுனை அளவு தகடு தெரிந்தால், வண்டியின் பெயிண்ட் குறியீட்டு எண் (paint code) பார்த்து வாங்கிய டச்-அப் பெயிண்டைக் குச்சி முனையால் ஒரு சொட்டு வையுங்கள். அந்த இடத்தில் மெழுகு இருந்தால் பெயிண்ட் பிடிக்காது, முதலில் ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்துவிடுங்கள்.