சர்க்கரை நோயே இல்லாத அப்பாவுக்கு ஐசியுவில் இன்சுலின் போடுகிறார்கள், ஏமாற்றுகிறார்களா?

லாரி மோதி ஐசியுவில் கிடக்கும் அப்பாவுக்குத் திடீரென்று சர்க்கரை 240 என்கிறார்கள், பில்லை ஏற்றத்தான் இன்சுலின் போடுகிறார்களோ என்று கேட்டிருக்கிறீர்கள். மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்துதான் எழுதியிருப்பீர்கள். பக்கத்தில் ஓர் உறவினர், "இன்சுலின் ஆரம்பித்தால் ஆயுளுக்கும் விடாது" என்று ஓதிக்கொண்டிருப்பார். அவர் பேச்சைக் கேட்டு இன்சுலினைத் தடுத்துவிடாதீர்கள்.

என் அக்காவுக்குக் குடல்வால் வெடித்து வயிறு முழுக்கச் சீழ் பரவி, அறுவை சிகிச்சை முடிந்து ஐசியுவில் இருந்தாள். சர்க்கரை 260. "எங்கள் வீட்டுக்கு வரும்போது இல்லாத நோய்" என்று அவள் மாமியார் நர்ஸிடம் சண்டைக்குப் போனார். அத்தான் இன்சுலினை நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுக்கவே கிளம்பிவிட்டார். நான் அவரைப் பிடித்து நிறுத்திவிட்டு, பணியிலிருந்த மருத்துவரிடம் விவரம் கேட்டேன்.

பெரிய காயமோ கடுமையான தொற்றோ தாக்கும்போது உடல் கார்டிசோல், அட்ரினலின் என்ற ஹார்மோன்களை அள்ளிச் சுரக்கிறது. அதனால் கல்லீரல் இரத்தத்தில் சர்க்கரையைக் கொட்டுகிறது. உடலில் சுரக்கும் இன்சுலினும் சரியாக வேலை செய்வதில்லை. இரத்த அழுத்தம் விழாமலிருக்க நார்அட்ரினலினோ, கூடவே ஸ்டீராய்டோ கொடுத்தால் இன்னும் ஏறும். நோயே இல்லாதவருக்கும் இது நடக்கும்.

வழக்கமாக 180ஐத் தாண்டினால்தான் இன்சுலின் தொடங்குவார்கள். 140க்கும் 180க்கும் இடையில் வைத்திருப்பார்கள். "ஏன் 100க்கு இறக்கவில்லை?" என்றும் நெருக்காதீர்கள். 2009இல் வெளியான நைஸ்-சுகர் ஆய்வில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட ஐசியு நோயாளிகள் இருந்தார்கள். 81 முதல் 108க்குள் இறுக்கிப் பிடித்த பிரிவில் 90 நாட்களுக்குள் 27.5 சதவீதம் பேர் இறந்தார்கள்; 180க்குள் இருந்தால் போதும் என்று விட்ட பிரிவில் 24.9 சதவீதம்.

நான் மருத்துவர் இல்லை. தனியார் மருத்துவமனைகளுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். அநியாய பில்களை நானும் கட்டியிருக்கிறேன். ஆனால் வென்டிலேட்டருக்கும் ஆன்டிபயாடிக்குகளுக்கும் முன்னால் இன்சுலின் செலவு மிகச் சிறியது.

சந்தேகம் தீரவில்லையென்றால் எச்பிஏ1சி பரிசோதனை செய்தார்களா என்று கேளுங்கள். கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியை அது காட்டும். அக்காவுக்கு 5.4 வந்தது. 6.5ஐத் தொட்டிருந்தால், நோய் முன்பே இருந்து தெரியாமல் போயிருக்கிறது என்று பொருள். அப்பாவுக்கு நிறைய இரத்தம் ஏற்றியிருந்தால் மட்டும் அந்த எண்ணை அப்படியே நம்ப முடியாது.

தொற்று அடங்க அடங்க அக்காவுக்கு இன்சுலின் அளவும் குறைந்தது. வார்டுக்கு மாற்றும் முன்பே நிறுத்திவிட்டார்கள். இன்று மாத்திரைகூடக் கிடையாது. ஆனால் இப்படி ஒருமுறை ஏறியவர்களுக்குப் பின்னால் நீரிழிவு வரும் வாய்ப்பு கூடுதல் என்பதால் தவறாமல் பரிசோதித்துக்கொள்கிறாள்.

எனக்கு இன்னும் ஆறாதது வேறு. டிஸ்சார்ஜ் சம்மரியில் யாரோ போகிறபோக்கில் "நீரிழிவு" என்று எழுதிவிட்டார்கள். காப்பீட்டு நிறுவனம் அதைப் பிடித்துக்கொண்டு, பழைய நோயை மறைத்துப் பாலிசி எடுத்தீர்கள் என்று பணத்தை நிறுத்திவைத்தது. உயிர் பிழைத்து வந்தவளைப் பொய்க்காரி ஆக்கினார்கள். அந்த 5.4 ரிப்போர்ட்டும், மருத்துவர் திருத்தி எழுதிக் கொடுத்த கடிதமும் இருந்ததால் பணம் வந்தது, அதுவும் மாதக்கணக்கில் அலையவிட்ட பிறகு. அப்பாவை வீட்டுக்கு அழைத்துப் போகும் நாளில் டிஸ்சார்ஜ் சம்மரியை வரிவரியாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.