நான்கு வயதுக் குழந்தைக்குத் தூங்கும் முன் படித்துக் காட்ட எப்படிக் கதைகளைத் தேர்ந்தெடுப்பது?

உங்கள் மகனுக்கு நான்கு வயது. தடியான நீதிக்கதைத் தொகுப்பு ஒன்றை வாங்கி ராத்திரியில் படித்துக் காட்டுகிறீர்கள். இரண்டாம் பக்கத்திலேயே எழுந்து ஓடிவிடுகிறான், இல்லையென்றால் இருந்த தூக்கமும் கலைந்து உட்கார்ந்துகொள்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். என் மகளுக்கு இப்போது எட்டு வயது. அவளுடைய மூன்று வயதிலிருந்து அநேகமாக எல்லா ராத்திரியும் படித்திருக்கிறேன். நானும் இதே மாதிரி ஒரு தடிப் புத்தகத்தோடுதான் ஆரம்பித்தேன்.

என் பதில் இதுதான்: எந்தக் கதையையும் முதலில் நீங்கள் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். கடையில் நின்றபடியே நடுப்பக்கம் ஒன்றை மெல்லிய குரலில் படியுங்கள். மூச்சு எங்கே நிற்கிறது, நாக்கு எங்கே தடுக்குகிறது என்று கவனியுங்கள். படம் நன்றாக இருக்கிறதா, அட்டை கெட்டியா என்பதெல்லாம் அப்புறம். தூங்கப்போகும் குழந்தைக்குக் கதை காது வழியாகத்தான் போகிறது. விளக்கைக் குறைத்த பிறகு படம் பாதிதான் தெரியும்.

இதில் தமிழுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. நாம் பேசுவது ஒரு தமிழ், புத்தகத்தில் இருப்பது இன்னொரு தமிழ். 'நரி அவ்விடத்தை அடைந்து, "நண்பரே, தங்கள் குரல் மிகவும் இனிமையானது" எனக் கூறியது' என்று ஒரு வரி வரும். நமக்கு இது பழகிப்போன தமிழ். மூன்று நான்கு வயதுக் குழந்தைக்கு இதில் பாதிச் சொற்கள் புதியவை. என் மகள் ஒரு நாள் பாதிக் கதையில் நிறுத்திக் கேட்டாள்: "ஏம்மா, இந்த நரி ஏன் நியூஸ் வாசிக்கிற மாதிரியே பேசுது?" அன்றைக்குத்தான் எனக்கு விஷயம் புரிந்தது. அவள் கதை பிடிக்காமல் எழுந்து ஓடவில்லை. மொழிக்குள் நுழைய முடியாமல் ஓடியிருக்கிறாள்.

அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். யார் என்ன பேசினாலும் அதை வீட்டுப் பேச்சில் சொல்வேன். நரி, "காக்காப்பா, உன் குரல் எவ்ளோ நல்லா இருக்கு, ஒரு பாட்டுப் பாடேன்" என்று கேட்கும். கதை நகரும் வரிகளை மட்டும் எழுதியிருக்கிறபடியே படிப்பேன். 'அவ்விடத்தை அடைந்து' மாதிரிச் சொற்கள் வந்தால் பென்சிலால் அடித்து மேலே 'அங்கே வந்து' என்று எழுதிவிடுவேன். புத்தகத்தில் எழுதுவது தப்பு என்று சிலர் சொல்வார்கள். நம் வீட்டுக் குழந்தைக்காக வாங்கிய புத்தகம்தானே, தாராளமாக எழுதலாம். ஐந்து வயது ஆக ஆக அடிப்பதைக் குறைத்துக்கொண்டே வந்தேன். ஒரு நாள் பொம்மைகளை வரிசையாக உட்கார வைத்து, "ஆகையால் நீங்கள் எல்லோரும் சீக்கிரம் சாப்பிட வேண்டும்" என்று மிரட்டிக்கொண்டிருந்தாள். அந்த 'ஆகையால்' யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததில்லை. ராத்திரிக் கதையில் கேட்டுக் கேட்டு ஒட்டிக்கொண்டது.

எந்த மாதிரிக் கதை என்று கேட்டால், சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லி ஒவ்வொரு படியாக வளரும் கதைக்குத்தான் என் முதல் ஓட்டு. நம் ஊரில் பாட்டிமார் சொல்லும் பேர் மறந்த ஈ கதை உங்களுக்கே தெரிந்திருக்கும். தன் பேரை மறந்துபோன ஈ, கன்றுக்குட்டியிடம் போய்க் கேட்கிறது. அப்புறம் கன்றின் தாய், தாயை மேய்க்கும் இடையன், இடையன் கைக் கோல், கொக்கு, குளம், மீன் என்று போய்க்கொண்டே இருக்கும். ஒவ்வொரு தடவையும் "கொழு கொழு கன்றே, கன்றின் தாயே" என்று முதலிலிருந்து சொல்ல வேண்டும். கடைசியில் குதிரை 'ஈ' என்று கனைத்துச் சிரிக்க, ஈக்குத் தன் பேர் ஞாபகம் வந்துவிடும்.

இந்தக் கதையில் குழந்தைக்கு அடுத்து என்ன வரும் என்று தெரியும். தெரிந்தது வரும்போது உடம்பு தளரும். என் மகள் முதல் சுற்றில் கூடவே கத்துவாள், கொக்கு வரும்போது முணுமுணுப்பாள், மீன் வரும்போது உதடு மட்டும் அசையும். நானும் ஒவ்வொரு சுற்றுக்கும் குரலையும் வேகத்தையும் குறைத்துக்கொண்டே போவேன். குதிரை மட்டும்தான் ஆபத்து. பகலில் சொல்கிற மாதிரி அங்கே கனைத்துக் காட்டினால் பிள்ளை எழுந்து உட்கார்ந்து சிரிக்கும். ராத்திரியில் என் குதிரை பெருமூச்சு விடுகிற மாதிரி, காதோரம் மெதுவாக "ஈ..." என்று மட்டும் சொல்லும். பாதி நாள் குதிரை வரும் வரைக்கும் போகவே வேண்டியிருக்காது.

இதே வகையில் கொழுக்கட்டைக் கதையும் உண்டு. மாமியார் வீட்டில் கொழுக்கட்டை சாப்பிட்டவன், பேர் மறக்காமல் இருக்க வழியெல்லாம் "கொழுக்கட்டை, கொழுக்கட்டை" என்று சொல்லிக்கொண்டே வருவான். வாய்க்காலைத் தாண்டும்போது "அத்திரிபாச்சா" என்று சொல்லிக் குதித்ததில் பேர் மாறிப்போகும். குழந்தைகளுக்கு அவ்வளவு பிடிக்கும். ஆனால் பழைய முடிவில், அத்திரிபாச்சா செய்யத் தெரியவில்லை என்று அவன் பெண்டாட்டியை அடிப்பான், அவள் நெற்றி கொழுக்கட்டை மாதிரி வீங்கும், அதைப் பார்த்துத்தான் அவனுக்குப் பேர் ஞாபகம் வரும். என் அம்மாச்சி அப்படித்தான் சொன்னார். நான் அதை என் மகளுக்குச் சொல்ல மாட்டேன். என் கதையில் அவன் கோபமாக வெளியே போகும்போது நிலைப்படியில் தன் தலையை இடித்துக்கொள்வான். வீங்குவது அவன் நெற்றிதான். கதையின் சுவை ஒரு துளியும் குறையவில்லை. வாய்மொழிக் கதை காலங்காலமாகச் சொல்கிறவர் வாயில் மாறிக்கொண்டேதான் வந்திருக்கிறது, நாமும் மாற்றலாம்.

எதை ராத்திரியில் தவிர்ப்பது என்பதும் முக்கியம். நீதிக்கதைத் தொகுப்புகளில் பஞ்சதந்திரக் கதைகள் நிறைய இருக்கும். அவை அரசகுமாரர்களுக்கு உலக நடப்பைப் பழக்கச் சொன்னவையாக அமைந்தவை. யாரை நம்பலாம், யார் ஏமாற்றுவார் என்பதே பல கதைகளின் உயிர். கொக்கு மீன்களை வேறு குளத்துக்குக் கொண்டுபோகிறேன் என்று சொல்லி ஒவ்வொன்றாகத் தின்னும். குரங்கின் நெஞ்சைத் தின்ன முதலையின் மனைவி ஆசைப்படும், நெஞ்சை மரத்திலேயே வைத்துவிட்டு வந்தேன் என்று சொல்லித்தான் குரங்கு தப்பிக்கும். அருமையான கதைகள்தான், நான் குறை சொல்லவில்லை. முதலைக் கதையைப் படித்த ராத்திரி, விளக்கை அணைத்த பிறகு ஒரு சின்னக் கை என் நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. "அம்மா, உன்னோடது உள்ளேதானே இருக்கு, மரத்துல வெச்சிட்டு வரலையே?" என்று கேட்டாள். துடிப்பதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் விழித்திருந்தாள். மறுநாளிலிருந்து எங்கள் வீட்டில் பகல் கதை, ராத்திரிக் கதை என்று இரண்டாகப் பிரித்துவிட்டேன். ஏமாற்றுகிறவர், தின்னுகிறவர், அம்மாவைப் பிரிகிற குட்டிகள் எல்லாம் பகலுக்கு. கேள்வி கேட்கவும் பயத்தைப் பேசித் தீர்க்கவும் பகலில் நேரம் இருக்கிறது.

கடைசியில் வரும் 'நீதி:' என்ற வரியைப் படிக்காதீர்கள். கதையை விட்டுக் குழந்தை அப்போதுதான் மெல்ல விலகிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் பாடம் நடத்தினால் மறுபடி விழித்துக்கொள்ளும்.

புத்தகம் வாங்குவதென்றால், சென்னையில் இருக்கும் தூலிகா பதிப்பகத்தின் படப்புத்தகங்களைப் பாருங்கள். தமிழிலும் உண்டு, தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் இருக்கிற இருமொழிப் புத்தகங்களும் உண்டு. நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிடும் சிறுவர் நூல்கள் விலை குறைவு. காசே செலவழிக்காமல் வேண்டுமென்றால் பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளம் இருக்கிறது. தமிழ்க் கதைகள் நிறைய இருக்கின்றன, இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். அங்கே கதைகளுக்கு 1 முதல் 4 வரை நிலை போட்டிருப்பார்கள். அது குழந்தை தானாகப் படிப்பதற்கான கணக்கு. நாம் படித்துக் காட்டும்போது குழந்தையால் அதைவிடக் கடினமானதையும் பின்தொடர முடியும். ஆகவே உங்கள் மகனுக்கு 1-ஆம் நிலையோடு நின்றுவிடாமல் 2-ஐயும் தைரியமாக எடுங்கள். ஒரே ஒரு விஷயம், போனை வைத்துக்கொண்டு படிக்காதீர்கள். நான் பகலில் இரண்டு தடவை படித்து மனதில் ஏற்றிக்கொண்டு ராத்திரி வாயால் சொல்வேன், அல்லது அச்செடுத்து வைத்துக்கொள்வேன்.

ஆறேழு வயதாகும்போது, வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதையை வைத்துக்கொள்ளுங்கள். 18-ஆம் நூற்றாண்டு நடை குழந்தைக்கு ஓடாது, உங்கள் சொல்லில்தான் சொல்ல வேண்டும். ஆறு தூங்குகிறதா விழித்திருக்கிறதா என்று பார்க்கச் சீடன் கொள்ளிக்கட்டையைத் தண்ணீரில் வைப்பான், 'சுர்' என்று சத்தம் வரும், ஐயோ ஆறு முழித்திருக்கிறது என்று ஓடுவார்கள். என் மகள் இப்போதும் சில ராத்திரி என் கன்னத்தில் விரலை வைத்து "சுர்" என்கிறாள். நான் சத்தமே போடாமல் இருந்தால், "ஆறு தூங்கிருச்சு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள்.

ஒரே கதையை மாதம் முழுக்கக் கேட்டாலும் அலுத்துக்கொள்ளாமல் படியுங்கள். நமக்குத்தான் அது பழையது.

உங்கள் தடிப் புத்தகத்தைத் தூக்கிப் போட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மதியம் அவன் தூங்கும்போது ஒரு பென்சிலோடு உட்காருங்கள். ஒவ்வொரு கதையின் முதல் பத்தியையும் கடைசிப் பத்தியையும் வாய்விட்டுப் படியுங்கள். ராத்திரிக்குச் சரிப்படும் கதையின் தலைப்புப் பக்கத்தில் ஒரு பிறை வரையுங்கள், பகலுக்கானதில் ஒரு சூரியன். என் புத்தகத்தில் பிறை போட்டவை மொத்தம் பதினொன்றுதான் தேறின. இரண்டு வருஷம் அதை வைத்தே ஓட்டினோம். அப்புறம் பிறை இருக்கிற பக்கத்தை அவளே தேடி எடுத்துக் கொண்டுவர ஆரம்பித்துவிட்டாள்.