பென் டிரைவ் காலை வாரினால்: வாசகர் கேள்வி பதில்

மாங்குளத்திலிருந்து ஒரு மாணவி: அசைன்மென்ட் பிரிண்ட் எடுக்க கொமினிகேசன் கடையில் பென்னைக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஃபோல்டர் எல்லாம் ஷோர்ட்கட்டாக நிற்கிறது. எல்லாம் அழிந்துவிட்டதா அண்ணா?

அழியவில்லை தங்கச்சி. பென்னின் ப்ரொபர்டீஸில் எவ்வளவு இடம் நிரம்பியிருக்கிறது என்று பாருங்கள், முன்பிருந்த அளவையே காட்டினால் கோப்புகள் உள்ளேதான் கிடக்கின்றன. அவற்றை மறைத்துவிட்டு அதே பெயரில் ஷோர்ட்கட் போடுவது ஒரு பழைய வைரஸின் வேலை, அந்த ஷோர்ட்கட்டைத் தட்டியதும் அது உங்கள் லப்டொப்பிலும் ஏறிக்கொள்ளும். ஏற்கெனவே தட்டியிருப்பீர்கள், அதனால் முதலில் விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான டிஃபெண்டரால் முழு ஸ்கேன் ஓட்டுங்கள்.

கோப்பை எடுக்க எனக்குப் பிடித்த வழி போன்தான். போனையும் பென்னையும் இணைக்கும் ஓடிஜி கேபிளில் பென்னைச் சொருகுங்கள். விண்டோஸ் போடும் 'மறை' அடையாளத்தை அண்ட்ரொயிட் கணக்கிலேயே எடுக்காது, அந்த வைரஸும் அங்கே ஓடாது. உண்மையான ஃபோல்டர்கள் தெரியும், சிலவேளை பெயரே இல்லாத ஒரு ஃபோல்டருக்குள் எல்லாம் குவிந்திருக்கும், அதையும் திறந்து பாருங்கள். போனில் கொப்பி எடுத்த பிறகு பென்னை ஃபோர்மட் செய்யலாம். கணினியிலேயே பார்க்கவேண்டுமென்றால் மறைந்த கோப்புகளைக் காட்டச் சொன்னால் மட்டும் போதாது, ஃபோல்டர் ஒப்ஷன்ஸில் சிஸ்டம் கோப்புகளை மறைக்கும் டிக்கையும் எடுக்கவேண்டும்.

கடைக்காரரை ஏசி என்ன பயன், ஊர்ப் பென் எல்லாம் ஏறி இறங்கும் கணினி அது. இனிமேல் பிடிஎஃப் ஆக்கி வட்ஸ்அப்பில் அனுப்புங்கள்.

புதுக்குடியிருப்பிலிருந்து ஒருவர்: வற்றாப்பளை அம்மன் பொங்கல் வீடியோவைப் பென்னுக்கு மாற்றும்போது கறண்ட் போய்விட்டது. இப்போது சொருகினால் ஃபோர்மட் செய்யச் சொல்கிறது. செய்யட்டுமா?

வேண்டாம், கான்சல் கொடுங்கள். எந்தக் கோப்பு எங்கே தொடங்குகிறது என்ற அட்டவணையை எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால் அந்த அட்டவணைதான் முதலில் குழம்பும், அதைத்தான் விண்டோஸ் படிக்கமுடியாமல் ஃபோர்மட் கேட்கிறது. அதற்கு முன்பே அதில் இருந்த படங்கள், வீடியோக்கள் பெரும்பாலும் அப்படியே இருக்கும். முழுதாகக் கொப்பியாகாத கோப்பு மட்டும் போனது போனதுதான், ஆனால் அதன் அசல் கமராவிலோ கணினியிலோ இருக்குமே.

ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை இறக்கி ஓட்டுங்கள். மீட்பதை அதே பென்னில் சேமிக்கவேண்டாம், வேறு டிஸ்க்கில் போடுங்கள், இல்லாவிட்டால் மீட்கவேண்டியதன் மேலேயே எழுதிவிடுவீர்கள். பழைய கோப்புப் பெயர்கள் வராது, எண்களாகத்தான் வரும், இருந்து பார்த்துப் பிரிக்கவேண்டும். எரர் திருத்தும் செக்டிஸ்க்கை இதற்கு முன் ஓட்டாதீர்கள், அது டிஸ்க்கைச் சீராக்கப் பார்க்குமே தவிர உங்கள் வீடியோவைப் பற்றிக் கவலைப்படாது. மீட்டபிறகு எக்ஸ்ஃபட் என்ற முறையில் ஃபோர்மட் செய்யுங்கள், ஃபட்32 என்ற பழைய முறை என்றால் 4 ஜிபியை விடப் பெரிய வீடியோ ஏறாது.

வவுனியா வாசகர்: மலிவாக 2 டிபி பென் ஒன்று வாங்கினேன். கொப்பி ஆகிறது, பிறகு எதுவும் திறக்குதில்லை.

அது 2 டிபி இல்லை. உள்ளே சிறிய சிப்பை வைத்து, பெரிய அளவைக் காட்டும்படி பென்னை இயக்கும் கொன்ட்ரோலரை மாற்றி விற்கிறார்கள். சிப் நிரம்பியபிறகு போடுவது எங்கும் பதிவாவதில்லை, பெயர் மட்டும்தான் தெரியும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சோதனை மென்பொருளை ஓட்டினால் உண்மையான அளவு தெரியும், அந்த முடிவைக் காட்டிக் கடையில் காசைத் திருப்பிக் கேளுங்கள்.