துணிந்து மீறுதல்

அன்புள்ள ஐயா,

மண்டேலா பற்றிய ஒரு கட்டுரையை மொழிபெயர்க்கிறேன். ரெசிஸ்டன்ஸ், டிஃபையன்ஸ் இரண்டுக்கும் அகராதியில் ‘எதிர்ப்பு’ என்று இருந்ததால் அதையே போட்டுவிட்டேன். சரிதானா? இந்த நுட்பங்களுக்குத் தமிழில் சொல் இல்லை என்று நினைக்கிறேன். டிஸ்ஸென்ட் என்பதற்கும் ஒரு சொல் சொல்லுங்கள்.

அன்புள்ள தம்பி,

டிஸ்ஸென்ட்டுக்கு மாற்றுக்கருத்து போதும். தமிழில் சொல் இல்லை என்று இனி யாரிடமும் சொல்லாதீர்கள். அரை நாள் தேடியிருந்தால் கிடைத்திருக்கும். அகராதி திறந்த பக்கத்திலேயே வேலையை முடித்துக்கொள்கிறவருக்கு மொழிபெயர்ப்பு எதற்கு?

கோபப்படாதீர்கள். இதே தப்பை உங்கள் வயதில் நானும் செய்தேன்.

ரெசிஸ்டன்ஸ் செம்புக் கம்பிக்கும் உண்டு, கிருமிக்கும் உண்டு. அழுத்துவதற்கு வளையாமல் நிற்பது அது. ஒளிந்துகொண்டும் செய்யலாம். ஜெர்மனி பிடித்துவைத்திருந்த பிரான்ஸில் பொய்ப் பெயர்களோடும் ரகசிய அச்சு இயந்திரங்களோடும் நடந்ததற்கு அந்தப் பெயர்தான். மறைவுதான் அதன் பலம்.

டிஃபையன்ஸை மறைவாகச் செய்யவே முடியாது. உத்தரவு போட்டவன் பார்க்க வேண்டும். பழைய பிரெஞ்சில் அதன் வேர், வைத்த விசுவாசத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வது. தென்னாப்பிரிக்காவில் 1952-இல் வெள்ளையர் ஆட்சியின் நிறவெறிச் சட்டங்களை மீறி நடந்த இயக்கத்துக்கு அந்தப் பெயர் வைத்தார்கள். ஜனவரியிலேயே பிரதமர் மலானுக்குக் கடிதம் எழுதி, அநியாயச் சட்டங்களை நீக்கக் கெடு கொடுத்தார்கள். அவர் மறுத்தார். ஜூன் 26 காலை, போர்ட் எலிசபெத்தின் நியூ பிரைட்டன் ரயில் நிலையத்தில் வெள்ளையர்களுக்கு மட்டுமான வாசல் வழியாக, இயக்கத்தைச் சேர்ந்த ரேமண்ட் ம்லாபாவின் குழு நுழைந்து கைதானது. அந்த இயக்கம் ஓய்வதற்குள் 8,000 பேருக்கு மேல் கைதானார்கள். அபராதம் கட்டினால் வீட்டுக்குப் போகலாம் என்றபோதும் பலர் சிறையைத்தான் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். இதை ‘எதிர்ப்பு இயக்கம்’ என்று எழுதினால் அந்த வாசலே காணாமல் போய்விடுகிறது, தம்பி.

நான் அப்படித்தான் எழுதிக் கொடுத்தேன். அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்த பெரியவர் என்னைக் கூப்பிட்டார். “முன்கூட்டியே சொல்லிட்டுத்தான் போனாங்களா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். ‘எதிர்ப்பு’ என்பதை அடித்துவிட்டு ‘துணிந்து மீறுதல்’ என்று எழுதினார். மனித உரிமை மீறல் என்கிறோமே, அதே சொல்லா என்று இழுத்தேன். அதற்குத்தானே முன்னால் துணிவைச் சேர்த்திருக்கிறேன் என்றார்.

அப்புறம் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார். அவர்கள் ஊரில் மேலத்தெருவில் அவர்கள் செருப்புப் போட்டு நடக்கக் கூடாது. செருப்பைக் கழற்ற மனமில்லாமல் அப்பா பல வருஷம் வாய்க்கால் கரையைச் சுற்றியே போய் வந்தார். அது எதிர்ப்பு என்றார் பெரியவர். ஒருநாள் உச்சிவெயிலில், திண்ணைகளில் எல்லாரும் உட்கார்ந்திருந்த நேரத்தில், மகனைக் கையில் பிடித்துக்கொண்டு மேலத்தெரு வழியாகவே நடந்தாராம்.

“எனக்கும் அன்னைக்குத்தான் புதுச் செருப்பு வாங்கித் தந்தார்” என்றார்.